வயதான, முடியாத உயிர்களுக்கு மாதச் செலவை ஏற்பது எப்படி: செட்டிநாட்டுப் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோட்டையூரில் ஒரு பெரிய வீடு, வருடத்தில் பத்து நாள் திறந்தால் அதிகம். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கோ, முன்னோரைக் கும்பிடும் வீட்டுப் படைப்புக்கோ, ஒரு கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவார்கள், முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை விளக்கு எரியும், அப்புறம் பூட்டுதான். அந்த வீட்டுக் காவலுக்கு இருந்த பெரியவர் தவறிப்போனதும், அவர் காலடியில் பதினோரு வருடம் படுத்திருந்த நாய் திண்ணையிலேயே கிடந்தது. மணி என்று பேர். ஒரு கண்ணில் புரை, எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டும் நடுங்கும். குட்டி என்றால் எடுத்துப்போக நாலு பேர் வருவார்கள், மணியை யார் எடுப்பார்கள்? இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆச்சி ஒருவர், "நான் வச்சுக்கிறேன், செலவை மட்டும் யாராவது பாத்துக்கங்க" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

தெரியாததால் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குப் பத்தாயிரம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்தேன், மனசு நிறைந்துவிட்டது, அதோடு நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. சித்திரையில் போய்ப் பார்த்தால் மணி எழுந்திருக்கவே சிரமப்படுகிறது. மூட்டுவலி மாத்திரை தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கிறது. ஆச்சிக்கு என்னிடம் கேட்கக் கூச்சம், "போன தடவைதானே அவ்வளவு கொடுத்தாக" என்று இருந்துவிட்டார். வயதான பிராணிக்குப் பெரிய தொகையைவிட, மாதம் பிறந்தால் கேட்காமலே வந்துவிழும் சின்னத் தொகைதான் உயிர் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பார்த்துக்கொள்கிற மனுஷி டாக்டரைக் கூப்பிடலாமா, நாளைக்குப் பார்க்கலாமா என்று பணத்தை வைத்து யோசிக்கிற நிலைமை வரவே கூடாது. கீழே சொல்லும் எல்லா வேலையும் அதற்காகத்தான்.

யாருக்கு எந்தப் பொறுப்பு

மூன்று தரப்பு இருக்கிறது. பிராணியை மீட்ட அமைப்பு அல்லது குழு, அதற்குத்தான் முதல் பொறுப்பு. தன் வீட்டில் வைத்துப் பார்க்கிற ஃபாஸ்டர் வீடு, பெரும்பாலும் ஒரே ஒரு ஆள், பெரும்பாலும் பெண். மூன்றாவது, மாதச் செலவைக் கொடுக்கிற ஸ்பான்சர், அதாவது நீங்கள். தத்தெடுத்தால் பிராணி உங்கள் வீட்டுக்கு வந்துவிடும், இங்கே அது வராது, ஃபாஸ்டர் வீட்டில்தான் கடைசி வரை இருக்கும். வயது, சிறுநீரகக் கோளாறு, முதுகெலும்பில் அடிபட்டு நடக்க முடியாத நிலை, கண் தெரியாமை என்று ஏதோ ஒன்று இருப்பதால் வேறு வீடு கிடைக்காத உயிர்களுக்கான ஏற்பாடு இது. எந்த மருந்து என்பதை டாக்டரும், எந்தச் சாப்பாடு என்பதைப் பார்த்துக்கொள்பவரும் முடிவு செய்வார்கள். பணம் கொடுப்பதால் நமக்கு அந்த வீட்டில் அதிகாரம் வந்துவிடாது. கேள்வி கேட்கும் உரிமை உண்டு, அதைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு தருவது

நம் பக்கத்தில் மகமை என்ற வழக்கம் எல்லாருக்கும் தெரியும். வியாபாரத்தில் வருவதில் ஒரு சிறு பங்கை தர்மத்துக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது, மிச்சம் இருந்தால் தருவது என்பது அதில் கிடையாது. இதையும் அப்படியே செய்யுங்கள். மாதம் எவ்வளவு போனால் கஷ்டமான மாதத்திலும் தெரியாதோ அந்தத் தொகையைப் பிடியுங்கள். ஐந்நூறு என்றால் ஐந்நூறு. ஒரு வருடமாவது நிற்காமல் தர முடியுமா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் பதின்மூன்று வயது நாய் இன்னும் மூன்று வருடம் நன்றாகவே இருக்கலாம், இருக்க வேண்டும் என்றுதானே செய்கிறோம்.

கணக்கு எப்படிப் போடுவது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன், விலையை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். 15 கிலோ எடையுள்ள ஒரு வயதான நாட்டுநாய். அரிசி, கோழி, முட்டை எல்லாம் சேர்த்து நாளைக்கு 60 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,800. மூட்டுவலி மருந்துக்கு 700. தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து ஆகியவற்றின் வருடச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து 250. விரிப்பு, சோப்பு, பினாயில் 150. வண்டிக்கு 400. கூட்டினால் 3,300. இதில் புதியவர்கள் எப்போதும் விட்டுவிடுவது கடைசி வரியைத்தான். ஊரில் அரசு கால்நடை மருந்தகம் இருக்கும், ஊசி போடலாம், புண்ணுக்குக் கட்டலாம். ஸ்கேன் வேண்டும், எலும்பு அறுவை வேண்டும் என்றால் காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ இரண்டு மணி நேரம் போக வேண்டும், இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. பெரிய நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், வாடகைக் கார்க்காரரும் எல்லாரும் சம்மதிப்பதில்லை. பல தடவை மருந்தைவிட வண்டிச் செலவுதான் அதிகமாகியிருக்கிறது.

3,300 ஒருவருக்குக் கனம் என்றால் ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு 550 போடுங்கள். கோயிலுக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பங்கு பிரிப்பதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் வசூல் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் விலகினால் மற்ற ஐந்து பேர் எத்தனை மாதம் தாங்குவீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

எந்த உயிரை ஏற்பது

படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். முகம் பார்க்க அழகாக இருக்கிற நாய்க்கு ஆள் கிடைத்துவிடும். "உங்களிடம் யாருமே கேட்காமல் இருப்பது எது?" என்று அமைப்பிடம் கேளுங்கள். பெரும்பாலும் கறுப்பு நாயாக இருக்கும், அல்லது சிறுநீர் தானாகப் போகிறதாக இருக்கும், அல்லது ஆளைக் கண்டால் உறுமுகிறதாக இருக்கும். வைரவன்பட்டியில் வைரவருக்கு முன்னால் நிற்கும் நாயைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரும் நாமே, வாசலில் சொறி பிடித்துக் கிடக்கும் நாயைத் தாண்டித்தான் வருகிறோம். அந்த நாயை ஏற்கத்தான் ஆள் வேண்டும்.

பூனை என்றால் செலவு குறைவு என்று நினைக்க வேண்டாம். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு மிகச் சாதாரணமாக வரும், அதற்கான சாப்பாடு விலை அதிகம்.

ஒரு விஷயத்தில் கவனம். குன்றக்குடிப் பக்கம் அடிபட்ட மயில், இறக்கை ஒடிந்த கிளி, வயல் வரப்பில் கிடைத்த நட்சத்திர ஆமை, இவற்றையெல்லாம் வீட்டில் வைத்துப் பார்க்கிறோம், ஸ்பான்சர் செய்யுங்கள் என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைக்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

வீட்டைப் போய்ப் பாருங்கள்

இதைத் தாண்டிவிட்டு எதையும் செய்யாதீர்கள். வெளிநாட்டில் இருந்தால் ஊரில் இருக்கும் ஒரு உறவினரையாவது அனுப்புங்கள், அவர் போகும்போது இதை அவரிடம் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி, நமக்கு வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் மூட்டு தேய்ந்த நாய்க்கு அது எண்ணெய் தடவிய பலகை மாதிரி. எழ முயலும்போது நாலு காலும் நாலு பக்கம் சறுக்கும், ஒரு தடவை சறுக்கி விழுந்தால் அப்புறம் பயத்திலேயே எழாமல் படுத்துக்கொள்ளும், எழாமல் படுத்தால் தசை வற்றும், தசை வற்றினால் எழவே முடியாது. மணிக்கு அந்தச் சித்திரையில் பாதிப் பிரச்சினை அதுதான் என்று டாக்டர் சொன்னார். செலவு பெரிதாக இல்லை, நடந்து போகிற பாதையில் மட்டும் கோணிச்சாக்கை விரித்து ஓரத்தைத் தைத்துவிட்டோம், சாப்பிடும் இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு. பாதத்துக்கு நடுவில் வளர்ந்த முடியையும் நகத்தையும் வெட்டினோம். பத்து நாளில் தானாக எழுந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனது.

அடுத்து நிலைப்படி. பழைய வீடுகளில் அது முழங்கால் உயரம் வரும், திண்ணையோ அதைவிட உயரம். வயதான பிராணி சிறுநீர் கழிக்க வெளியே போக அதை ஏறித் தாண்ட வேண்டியிருந்தால், அடக்கி அடக்கிக் கடைசியில் உள்ளேயே போய்விடும், வீட்டாரிடம் திட்டும் வாங்கும். ஒரு பலகையைச் சரிவாக வைத்துச் சாக்கைச் சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லை என்றால் உங்கள் முதல் மாதப் பணத்தில் தச்சரைக் கூப்பிட்டு அதைச் செய்துவிடலாம்.

மூக்கை நம்புங்கள். கொஞ்சம் வாடை இருக்கும், இல்லாமல் இருக்காது. கண்ணைக் கரிக்கும் மூத்திர வாடை அடித்தால் விரிப்பு மாற்றப்படவில்லை. பின்னங்கால் செயலிழந்த நாயாக இருந்தால் அதன் இடுப்பு எலும்பு, தொடை, முழங்கை ஆகிய இடங்களில் தோல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சிவந்திருந்தால் படுக்கைப்புண்ணின் தொடக்கம். இந்த மாதிரி நாயை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், தானாகச் சிறுநீர் போகவில்லை என்றால் ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை அடிவயிற்றை அழுத்தி எடுத்துவிட வேண்டும். எப்படி அழுத்துவது என்று டாக்டர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும். அந்த வீட்டில் அதை யார் செய்கிறார், அவர் ஊருக்குப் போனால் யார் செய்வார் என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டாவது ஆள் இல்லாத வீட்டில், பார்த்துக்கொள்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு நாயும் படுத்துவிடும்.

எத்தனை பிராணி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே ஆள், பதினைந்து நாய் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் படுத்த படுக்கையான ஒன்றுக்கு அங்கே நேரம் கிடைக்காது. அவரைக் குறை சொல்லாதீர்கள், அவருக்கு உதவிக்கு ஒரு ஆள் வைக்க முடியுமா என்று அமைப்பிடம் பேசுங்கள்.

கேட்க வேண்டிய மற்றவை: வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டது, அட்டை இருக்கிறதா. பெண் நாய் என்றால் கருத்தடை ஆகியிருக்கிறதா, ஏனென்றால் ஆகாத வயதான பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் வைப்பது உயிர்போகும் அவசரம். வீட்டில் பார்த்துக்கொள்பவர் தானும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறாரா. நாய் கடித்தாலோ கீறினாலோ, அது தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக அந்தப் பிராணியைக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். பார்த்துக்கொள்பவர் குரல் கேட்டதும் காது திரும்புகிறதா? படுத்த இடத்திலிருந்தே வால் தரையில் தட்டுகிறதா? அந்த வீடு எப்படிப்பட்டது என்பது அதில் தெரிந்துவிடும்.

வங்கி, ரசீது, வெளிநாட்டுப் பணம்

பணத்தை அமைப்பின் பேரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது நல்லது. பதிவு பெறாத சின்னக் குழுக்கள்தான் நம் பக்கம் அதிகம், அவர்களுக்குத் தரக் கூடாது என்று நான் சொல்லவில்லை, மணிக்கே அப்படித்தான் நடந்தது. அப்படித் தரும்போது மருந்துக் கடைக்கும் தீவனக் கடைக்கும் நேரடியாகக் கட்டிவிடுங்கள், மிச்சத்தை மட்டும் கையில் கொடுங்கள்.

வருமான வரிக்கழிவு வேண்டும் என்றால், நன்கொடைக்குக் கழிவு பெற்றுத் தரும் அங்கீகாரம் (80ஜி என்று சொல்லிப் பழகியது) அமைப்புக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் அந்தக் கழிவு இல்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம், அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகன் சிங்கப்பூரில் சம்பாதித்த தன் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும்கூட, அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அமைப்புக்குப் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும், பணமும் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் போக வேண்டும். நல்லது செய்யப் போய், பாவம், பிராணிகளைப் பார்க்கிற அமைப்பைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் அனுப்புவதற்கு முன்னால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஏமாறவும் வாய்ப்பு உண்டு. எனக்கே நடந்தது. ஒருவர் கால் ஒடிந்த நாய் ஒன்றின் படத்தை அனுப்பிக்கொண்டே இருந்தார், நானும் எட்டு மாதம் அனுப்பினேன், ஒரு நாள் பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை என்று தெரிந்தது, பின்னால் தொங்கிய காலண்டர் தேதிகூட மாறவில்லை. அதிலிருந்து மாதம் ஒரு சின்ன வீடியோ கேட்கிறேன், பிராணியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பிப் பார்க்கிற மாதிரி. டாக்டர் சீட்டும் மருந்துக் கடை ரசீதும் இல்லாமல் அவசரம் அவசரம் என்று மட்டும் வந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

மாதா மாதம் செய்வது

வங்கியில் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள், ஒன்றாம் தேதியோ சம்பளம் வந்த மறுநாளோ. நினைவு வைத்து அனுப்புகிறேன் என்றால் மூன்றாவது மாதம் மறந்துவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஃபாஸ்டர் வீட்டில் கொடுங்கள். வரவு, செலவு, இருப்பு. வட்டிக்கடைக் கணக்கும் வளவுக் கணக்கும் எழுதிப் பழகிய ஊரில் இது யாருக்கும் பாரமாக இருக்காது. அதே நோட்டின் பின்பக்கத்தில் பிராணியின் உடம்புக் கணக்கு: மாதம் ஒரு முறை எடை, வாரத்துக்கு ஒரு முறை சாப்பாடு எப்படி என்று ஒரு வரி, மருந்து கொடுத்த நேரம். எடை பார்க்க, பிராணியைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று, அப்புறம் நாம் மட்டும் நின்று கழித்தால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொன்னாலும், டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் போனாலும் அப்படியே, சிறுநீரகமோ சர்க்கரையோ இருக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒரு இரத்தப் பரிசோதனைக்கு நீங்களே பணம் ஒதுக்குங்கள், யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அது முக்கியம். அறிக்கை வந்தால் கிரியாட்டினின் என்ற வரியைப் பாருங்கள், நாய்க்கு 1.4, பூனைக்கு 1.6 தாண்டினால் சிறுநீரகத்தைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். இதய நோய் உள்ள நாய் என்றால், அது நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று வீட்டிலேயே எண்ணிக்கொண்டு வர வேண்டும், 30 தாண்டிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கு எண்ணக் கற்றுக்கொடுங்கள்.

தீபாவளிக்கும் ஊர்த் திருவிழா வேட்டுக்கும் முந்தின வாரம் தனியாக ஒரு போன் பண்ணி, பிராணியை இரண்டாம் கட்டில் ஓர் அறைக்குள் வைக்கச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீரும் நிழலும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு உண்ணியும் ஈரமும், புண் இருந்தால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

பணம் தவிர

பழைய பருத்தி வேட்டி, பழைய புடவை, சுத்தமான கோணிச்சாக்கு, செய்தித்தாள், சிரிஞ்சு, பஞ்சு, இவை எப்போதும் வேண்டும். விருந்து முடிந்து மீந்த சாப்பாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். நம் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு எது? இரண்டுமே நாய் பூனைகளின் இரத்தச் சிவப்பணுவை உடைக்கும், வயதானதற்கு இன்னும் மோசம். வேகவைத்த கோழி எலும்பு குத்தும். திராட்சையும் சாக்லேட்டும் கூடாது. நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்கச் சொல்லாதீர்கள், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், நாம் வலிக்குப் போடும் ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இன்னொரு உதவியும் செய்யலாம், அது பலருக்குத் தோன்றுவதில்லை. வருடத்தில் இரண்டு முறை பார்த்துக்கொள்பவர் மூன்று நாள் வெளியூர் போய்வரும்படி, அந்த நாட்களுக்கு நம்பகமான ஆள் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். கோட்டையூர் ஆச்சி தன் பேத்தி காதுகுத்துக்கே போகாமல் இருந்தார், மணிக்கு மாத்திரை கொடுக்க ஆள் இல்லை என்று.

மாடு, காளை

பால் வற்றிய பசு, மஞ்சுவிரட்டில் ஓடி முடித்து வயதான காளை என்று வைத்துப் பார்க்கும் வீடுகளும் சிராவயல், திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கின்றன. நாய்க்கணக்கு இங்கே ஒத்துவராது. 350 கிலோ மாட்டுக்கு நாளைக்குச் சுமார் 7, 8 கிலோ உலர்தீவன அளவு வேண்டும், பசுந்தீவனம் என்றால் அதில் முக்கால்வாசி தண்ணீர்தான், அதனால் அதைப்போல் பல மடங்கு எடை போட வேண்டும். பல் தேய்ந்த மாட்டுக்கு வைக்கோலையும் சோளத்தட்டையையும் பொடியாக நறுக்கித்தான் போட வேண்டும். அறுவடை சமயத்தில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும், அப்போது மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் வருடம் முழுக்க உதவும், மொத்தமாகத் தருவதை நான் ஒப்புக்கொள்கிற இடம் இது ஒன்றுதான். படுத்த மாடு எழாவிட்டால் மணல் பரப்பி, நெஞ்சு தரையில் இருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும், ஒருக்களித்துத் தட்டையாகக் கிடந்தால் வயிறு உப்பி மூச்சு முட்டும். வலி மருந்துச் சீட்டில் மெலாக்சிகாம் இருக்கிறதா என்று பாருங்கள். டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குக் கொடுக்க 2006 முதல் தடை, அந்த மாடு செத்தால் அதைத் தின்கிற பிணந்தின்னிக் கழுகுகள் சாகின்றன என்பதால். கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023-இல் தடை வந்தது.

அவசரம் வந்தால்

அவசரம் வருவதற்கு முன்பே ஒரு தொகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "5,000 வரைக்கும் என்னைக் கேட்க வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள், அப்புறம் சொல்லுங்கள்" என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தூங்கும் நேரத்தில், வேறு நாட்டு நேரத்தில், ஒரு நாய்க்கு வயிறு உப்பும். உங்கள் பதிலுக்காக யாரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதச் சொல்லுங்கள், எழ முடியாத மாட்டுக்கு அது பெரிய உதவி.

கடைசி நாட்கள்

இதைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் ஏற்கும் அன்றைக்கே பேசியாக வேண்டும். தீராத வலி, இனி மருந்து கேட்காது என்ற நிலை வந்தால் வலியில்லாமல் தூங்க வைப்பதா, அதை யார் முடிவு செய்வது? என் அபிப்பிராயம், டாக்டரும் பார்த்துக்கொள்பவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், ஸ்பான்சருக்குச் சொல்ல வேண்டும், ஆனால் ஸ்பான்சரின் மனசுக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கால்நடை டாக்டர் கையால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். வேண்டாம், தானாகப் போகட்டும் என்று நினைக்கும் வீடுகள் இருக்கின்றன. அப்படியென்றால் வலி மருந்து கடைசி வரை நிற்காமல் போக வேண்டும், அதற்குப் பணம் நம்முடையது.

நாள் எப்படித் தெரியும் என்று ஆச்சி கேட்டபோது டாக்டர் ஒரு வழி சொன்னார். தினசரி காலண்டர் தாளில், மணி தானாகச் சாப்பிட்டு, நம்மைப் பார்த்து வால் ஆட்டிய நாளுக்கு ஒரு வட்டம், இல்லாத நாளுக்கு ஒரு கோடு. கிழித்த தாள்களை எறியாமல் வைத்திருக்க வேண்டும். கோடுகள் வட்டங்களைத் தாண்டத் தொடங்கியதும் கூப்பிடச் சொன்னார். மூன்றாவது வருடம் மாசியில் தாண்டியது.

புதைக்கும் இடத்தையும் முன்னாலேயே பாருங்கள். நம் பக்கத்துச் செம்புறாங்கல் தரையில் கடப்பாரை போட்டாலும் எளிதில் இறங்காது, ஆள் வேண்டும், கூலி வேண்டும். ஊரணிக்கும் கிணற்றுக்கும் தள்ளி, நாலடி ஆழமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் மற்ற நாய்கள் தோண்டிவிடும்.

இடையில் உங்களால் முடியாமல் போனால், வேலை போனாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ, மூன்று மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்துவதுதான் கெடுதல். மூன்று மாதத்தில் வேறு ஆளைத் தேடிவிடலாம், நாங்கள் தேடியிருக்கிறோம்.

பிராணி போன பிறகு அடுத்ததை உடனே அந்த வீட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். பார்த்துக்கொள்பவர் அழ வேண்டும், தூங்க வேண்டும், விரிப்பையெல்லாம் துவைத்துக் காயவைக்க வேண்டும். தொகையை நிறுத்தாமல் அமைப்புக்கு அனுப்பிக்கொண்டிருங்கள், அது வேறு ஒன்றின் சாப்பாட்டுக்குப் போகும். பிரிக்காத மருந்து இருந்தால் காலாவதித் தேதியைப் பார்த்து டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். மணியின் நோட்டில் கடைசியாக இருப்பு 340 ரூபாய் நின்றது. ஆடி மாதம் கண்டனூரிலிருந்து ஒரு கண் தெரியாத கிழட்டுப் பூனை வந்தபோது, ஆச்சி அடுத்த பக்கத்தைப் புரட்டி, பூனைக்குப் பேர் வைப்பதற்கு முன்பே அந்த 340-ஐ வரவில் எழுதிவிட்டு எனக்குப் போன் செய்தார்.